ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் முதல் 50 புள்ளிகள்: புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

நிரல் எழுதுகிறவர்களின் கேள்வி-பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் கணக்குத் தொடங்கியதும் உங்கள் பெயருக்குப் பக்கத்தில் 1 என்று ஓர் எண் நிற்கும். அதைத்தான் அங்கே ரெப்யூடேஷன் என்கிறார்கள். அந்த ஒன்றை வைத்துக்கொண்டு உள்ளே போனால் எடுத்த எடுப்பிலேயே ஒரு கதவு சாத்தியிருக்கும். யாரோ எழுதிய பதிலில் ஒரு சின்னப் பிழை இருக்கிறது, சுட்டிக்காட்டலாம் என்று கமென்ட் எழுதப் போவீர்கள். ‘உங்களுக்கு 50 புள்ளி வேண்டும்’ என்று தளம் சொல்லும். பலர் இந்த இடத்திலேயே மனம் தளர்ந்து திரும்பிவிடுகிறார்கள். கல்லூரி மாணவர்களும் வேலையில் புதிதாகச் சேர்ந்தவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பது, இந்த 1-லிருந்து 50-க்கு எப்படிப் போவது என்பதைத்தான். நிதானமாகச் செய்தால் இரண்டு மூன்று வாரத்தில் போய்விடலாம்.

புள்ளி எங்கிருந்து வருகிறது

2008-இல் ஜெஃப் அட்வுட், ஜோயல் ஸ்போல்ஸ்கி இருவரும் தொடங்கிய தளம் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ. நிரல் எழுதுகிறவர்கள் கேட்பார்கள், நிரல் எழுதுகிறவர்களே பதில் சொல்வார்கள். கணிதம், சமையல், பயணம் என்று நூற்றுக்கும் மேற்பட்ட தளங்கள் ஸ்டாக் எக்ஸ்சேஞ்ச் என்ற ஒரே குடையின்கீழ் இதே விதிகளோடு நடக்கின்றன. ஓரிடத்தில் பழகிவிட்டால் மற்ற இடங்களிலும் தடுமாற்றம் இருக்காது.

இந்தப் புள்ளிமுறையின் அருமை புரிய வேண்டுமானால் யாஹூ ஆன்சர்ஸை நினைத்துப் பாருங்கள். 2005-இல் தொடங்கி 2021 மே மாதம் மூடப்பட்ட தளம் அது. அங்கே கேள்வி கேட்டால் 5 புள்ளி போகும், என்ன பதில் எழுதினாலும் 2 புள்ளி வரும். ‘எனக்குத் தெரியாது’ என்று எழுதினாலும் 2 புள்ளிதான். ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் எழுதியதற்காக ஒரு புள்ளியும் கிடைக்காது. நீங்கள் எழுதியதை இன்னொருவர் படித்து, இது பயனுள்ளது என்று அப்வோட் கொடுத்தால்தான் 10 புள்ளி. கேள்விக்கும் 10, பதிலுக்கும் 10. (2019 நவம்பர் வரை கேள்விக்கு 5 மட்டுமே கொடுத்தார்கள். நல்ல கேள்வி எழுதுவதும் நல்ல பதில் எழுதும் அளவுக்குப் பாடுதான் என்பதால் அந்த மாற்றத்தை நான் மனமார வரவேற்றேன்.) கேள்வி கேட்டவர் உங்கள் பதிலுக்குப் பச்சை டிக் போட்டால் உங்களுக்கு 15, டிக் போட்ட அவருக்கு 2.

பயனில்லை என்று டவுன்வோட் விழுந்தால் 2 புள்ளி குறையும். பதிலுக்கு டவுன்வோட் போடுகிறவருக்கும் 1 குறையும். கேள்விக்குப் போட்டால் போடுகிறவருக்கு நஷ்டமில்லை. எத்தனை டவுன்வோட் விழுந்தாலும் உங்கள் எண் 1-க்குக் கீழே போகாது. ஓர் அப்வோட், ஐந்து டவுன்வோட்டுக்குச் சரி. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் முதல் டவுன்வோட் விழும் நாளில் அவ்வளவு வலிக்காது.

50-க்கு என்ன வேண்டும் என்று இப்போது எண்ணிப் பாருங்கள். இரண்டு பதில்களுக்குத் தலா ஒரு டிக்கும் ஓர் அப்வோட்டும் கிடைத்தாலே 51 ஆகிவிடும். அவ்வளவுதான் தூரம்.

புள்ளி கூடக்கூடச் சாவிகள் கையில் வந்துகொண்டே இருக்கும். 15-இல் அப்வோட் போடலாம், 50-இல் எங்கு வேண்டுமானாலும் கமென்ட் எழுதலாம், 125-இல் டவுன்வோட் போடலாம். 2,000 வந்தால் அடுத்தவர் எழுதியதை யாருடைய ஒப்புதலும் இல்லாமல் திருத்தலாம், 3,000 வந்தால் கேள்விகளை மூடவும் (புதிய பதில் எழுத முடியாதபடி நிறுத்தவும்) திறக்கவும் வாக்களிக்கலாம். இந்த எல்லைகளைத் தளம் அவ்வப்போது மாற்றுவதுண்டு. அன்றைய நிலவரம் உதவிப் பகுதியில் ‘பிரிவிலேஜஸ்’ பக்கத்தில் இருக்கும்.

முதல் படி: திருத்துங்கள்

எதையும் எழுதுவதற்கு முன்னால் ஒரு வாரம் திருத்தும் வேலை செய்யுங்கள் என்பேன். ஒவ்வொரு கேள்விக்கும் பதிலுக்கும் கீழே ‘எடிட்’ இருக்கும். உங்களைப் போன்ற புதியவர் செய்யும் திருத்தம் பரிசீலனைக்குப் போகும், ஏற்றுக்கொண்டால் 2 புள்ளி. இந்த வழியில் மொத்தம் 1,000 புள்ளி வரைதான் சேர்க்கலாம். நமக்கு வேண்டியது 50-தான் என்பதால் அதைப் பற்றி இப்போது கவலையில்லை.

எந்தத் திருத்தத்தை ஏற்பார்கள்? கலைந்துகிடக்கும் நிரலைக் கோட்-வடிவில் ஒழுங்குபடுத்துவது, ‘உதவி தேவை’ என்று வெறுமனே இருக்கும் தலைப்பை உள்ளே இருக்கும் சிக்கலைச் சொல்லும்படி மாற்றுவது, படமாக ஒட்டிய பிழைச்செய்தியை எழுத்தாக எடுத்துப் போடுவது. ஒரு காற்புள்ளியை மட்டும் சேர்த்துவிட்டு அனுப்பினால் திருப்பிவிடுவார்கள். கேள்வி கேட்டவரின் நிரலில் இருக்கும் பிழையை நீங்கள் சரிசெய்துவிட்டாலோ, கேள்வியே காணாமல் போய்விடும். அந்தப் பிழைக்காகத்தானே அவர் வந்திருக்கிறார்! திருத்தங்கள் தொடர்ந்து நிராகரிக்கப்பட்டால் சில நாட்களுக்குத் திருத்தும் வசதியையே நிறுத்திவைத்துவிடுவார்கள்.

இந்த வேலையில் புள்ளியைவிடப் பெரிய லாபம், கேள்வி எப்படி இருக்க வேண்டும் என்பது கைப்பழக்கமாக வந்துவிடுவது. இருபது கேள்விகளைத் திருத்தியவர் இருபத்தோராவதாகத் தாமே எழுதும் கேள்வி நன்றாகத்தான் இருக்கும்.

இரண்டாம் படி: கூட்டம் இல்லாத டேக்

ஒவ்வொரு கேள்விக்கும் அது எதைப் பற்றியது என்று ஒட்டும் அடையாளச் சொல்தான் டேக். பைத்தான், ஜாவாஸ்கிரிப்ட் போன்ற பெரிய டேக்குகளில் எளிய கேள்வி ஒன்று விழுந்தால் நீங்கள் முதல் வரியை எழுதி முடிப்பதற்குள் பழம் தின்று கொட்டை போட்டவர்கள் பதில் கொடுத்திருப்பார்கள். அங்கே போய் முட்டிக்கொள்ள வேண்டாம். தினமும் நீங்கள் கையாளும் ஒரு நிரல் நூலகம், ஒரு கருவி, ஒரு தரவுத்தளம் இருக்கும். அதற்கென்று தனி டேக் இருக்கும். அதைக் கண்காணிப்புப் பட்டியலில் சேர்த்துக்கொண்டு, பதில் வராத கேள்விகளை மட்டும் காட்டச் சொல்லுங்கள். இரண்டு நாளாக யாரும் தொடாமல் கிடக்கும் கேள்விக்கு ஒரு மணி நேரம் செலவழித்து எழுதும் பதிலுக்குப் போட்டியே இருக்காது.

மூன்றாம் படி: பதில்

இதை மட்டும் சற்று விரிவாகச் சொல்கிறேன். பைத்தானில் பாண்டாஸ் (தரவு அட்டவணைகளைக் கையாளும் நிரல் நூலகம்) பழகும் எல்லோரும் ஒருநாள் இடறும் ஒரு கல்லையே எடுத்துக்கொள்வோம்.

ஒருவரிடம் ஊர்ப் பெயரும் தொலைபேசிக்கான எஸ்டிடி குறியீடும் கொண்ட சிஎஸ்வி கோப்பு (காற்புள்ளியால் பிரித்து எழுதிய அட்டவணை) இருக்கிறது. சென்னைக்கு 044, கோயம்புத்தூருக்கு 0422, மதுரைக்கு 0452. பாண்டாஸில் படித்துப் பார்த்தால் 44, 422, 452 என்று வருகிறது. முன்னால் இருந்த சுழியம் எங்கே போனது என்று கேட்கிறார்.

அவசரக்காரர் ஒருவர் ‘ஸ்ட்ரிங்காக (எழுத்துத் தொடராக) மாற்றிவிடுங்கள்’ என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போவார். செய்து பார்த்தால் ‘44’ என்ற எழுத்துதான் கிடைக்கும். சுழியம் படிக்கும்போதே தொலைந்துவிட்டது, தொலைந்ததற்குப் பிறகு வகையை மாற்றி என்ன பயன்? இன்னொருவர் வந்து, ‘ஸீஃபில் (முன்னால் சுழியம் நிரப்பும் கட்டளை) போட்டு நான்கு இலக்கமாக்குங்கள்’ என்பார். கோவைக்கும் மதுரைக்கும் சரியாகிவிடும். சென்னை 0044 ஆகிவிடும். நிரல் எந்தப் பிழையும் காட்டாமல் ஓடும், விடை மட்டும் தப்பாக இருக்கும்.

நீங்கள் என்ன செய்ய வேண்டும்? மூன்று ஊர்களை வைத்து ஒரு குட்டிக் கோப்பை உங்கள் கணினியில் நீங்களே உருவாக்கி ஓட்டிப் பாருங்கள். பிறகு காரணத்தை எழுதுங்கள்: நெடுவரிசை முழுக்க இலக்கங்களாக இருப்பதால் பாண்டாஸ் அதை முழு எண் என்று தானே முடிவுசெய்துகொள்கிறது, முழு எண்ணுக்கு முன்சுழியம் என்று ஒன்று கிடையாது. அடுத்து வழியைச் சொல்லுங்கள்: கோப்பைப் படிக்கும் கட்டளையிலேயே டிடைப் என்ற இடத்தில் அந்த நெடுவரிசையை ஸ்ட்ரிங் என்று குறிப்பிட வேண்டும். கடைசியாக, கேட்டவர் நாளை சந்திக்கப்போகும் சிக்கலையும் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள்: ஏதாவது ஓர் ஊருக்குக் குறியீடு விட்டுப்போயிருந்தால் மற்ற எண்களில் 44.0 என்று தசமம் ஒட்டிக்கொள்ளும், இதே வழி அதையும் தீர்க்கும்.

இப்படி எழுதிய பதில், கேட்டவரோடு நின்றுவிடாது. இதே கல்லில் இடறும் ஆயிரம் பேர் தேடுபொறி வழியாக அங்கே வந்து சேர்வார்கள். நீங்கள் எழுதியதையே மறந்துபோன ஒரு நாளில், முகம் தெரியாத ஒருவர் கொடுத்த 10 புள்ளி உங்கள் கணக்கில் வந்து நிற்கும். அந்த மகிழ்ச்சியை அனுபவித்தவர்கள்தான் இந்தத் தளங்களில் ஆண்டுக்கணக்கில் தங்குகிறார்கள். நானும் அதற்காகத்தான் தங்கினேன்.

செய்யக் கூடாத ஒன்று உண்டு. கமென்ட் எழுத 50 இல்லையே என்று, ‘எனக்கும் இதே சிக்கல்’, ‘நன்றி, வேலை செய்தது’ போன்றவற்றைப் பதில் பெட்டியில் எழுதிவிடாதீர்கள். பதில் பெட்டி பதிலுக்கு மட்டும். வேறு எது வந்தாலும் அழித்துவிடுவார்கள், போகிற போக்கில் டவுன்வோட்டும் விழும். உங்கள் சொந்தக் கேள்விக்கும் அதன்கீழ் வரும் பதில்களுக்கும் 1 புள்ளியோடே கமென்ட் எழுதலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

இன்னொன்று, சாட்ஜிபிடியிடம் கேட்டு வாங்கி ஒட்டுவது. 2022 டிசம்பரிலேயே ஸ்டாக் ஓவர்ஃப்ளோ இதைத் தடைசெய்துவிட்டது. பார்த்தால் சரிபோலத் தெரிந்து, ஓட்டினால் தவறாகப் போகும் பதில்கள் மழைபோல் கொட்டியதுதான் காரணம். மேலே சொன்ன 0044-ஐ நினைத்துக்கொள்ளுங்கள். கண்டுபிடித்தால் பதிலை அழிப்பார்கள், தொடர்ந்தால் கணக்கை முடக்குவார்கள். முடக்கிய காலம் முழுவதும் உங்கள் பெயருக்குப் பக்கத்தில் எண் மீண்டும் 1 என்றே தெரியும்.

நான்காம் படி: கேள்வி

முதலில் தேடுங்கள். தளத்துக்குள்ளும் தேடுங்கள், பிழைச்செய்தியை அப்படியே எடுத்துத் தேடுபொறியிலும் போடுங்கள். 2008-இலிருந்து சேர்ந்த குவியல் அது, பாதி நேரம் பதில் ஏற்கெனவே இருக்கும்.

இல்லையென்றால், உங்கள் நிரலை வெட்டத் தொடங்குங்கள். ஐந்நூறு வரியை அப்படியே ஒட்டினால் யாரும் படிக்கமாட்டார்கள். சிக்கல் இன்னும் வருகிறதா என்று பார்த்துப் பார்த்து ஒவ்வொரு பகுதியாக நீக்கிக்கொண்டே வாருங்கள். கடைசியில் பத்துப் பதினைந்து வரி மிஞ்சும். அதை எடுத்து ஓட்டினால் யார் கணினியிலும் அதே பிழை வர வேண்டும். இப்படி வெட்டும்போதே பல நேரம் விடை நமக்கே தெரிந்துவிடும். அப்படித் தெரிந்தாலும் கேள்வியையும் பதிலையும் சேர்த்தே போடலாம். தன் கேள்விக்குத் தானே பதில் எழுதுவது அங்கே வரவேற்கப்படும் வழக்கம்.

‘பைத்தான் வேலை செய்யவில்லை, அவசரம்’ என்பது தலைப்பே இல்லை. ‘பாண்டாஸில் சிஎஸ்வி படிக்கும்போது எஸ்டிடி குறியீட்டின் முன்சுழியம் போய்விடுகிறது’ என்பது தலைப்பு. என்ன எதிர்பார்த்தீர்கள், என்ன வந்தது, என்னென்ன செய்து பார்த்தீர்கள் என்ற மூன்றும் உள்ளே இருக்கட்டும். நிரல் இருக்கும் திரையைப் படமெடுத்து ஒட்டாதீர்கள். உதவ நினைப்பவர் அதை நகலெடுத்து ஓட்ட முடியாது.

நம்மவர்களுக்குத் தயக்கம் வருவது ஆங்கிலத்தில்தான். போர்ச்சுகீசு, ரஷ்யன், ஸ்பானிஷ், ஜப்பானியம் ஆகிய மொழிகளுக்குத் தனித் தளங்கள் உண்டு, தமிழுக்கு இல்லை. ஆங்கிலத்தில்தான் கேட்டாக வேண்டும். தயங்க வேண்டாம். சின்னச் சின்ன வாக்கியமாக எழுதுங்கள், இலக்கணப் பிழையை யாராவது வந்து திருத்திவிட்டுப் போவார்கள். நிரல் தெளிவாக இருந்தால் மொழி மன்னிக்கப்படும். அதேபோல, நீங்கள் எழுதிய ‘வணக்கம் சார்’, ‘முன்கூட்டியே நன்றி’ எல்லாவற்றையும் ஒருவர் வந்து நீக்கிவிடுவார். மரியாதை தெரியாதவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். பத்து வருடம் கழித்துப் படிக்கப்போகிறவருக்குச் சிக்கலும் தீர்வும் மட்டும் போதும் என்பது அங்குள்ள நடைமுறை.

கேள்வி மூடப்பட்டால்? மூன்று பேர் வாக்களித்தால் மூடலாம். ‘ஏற்கெனவே கேட்கப்பட்டது’ என்று மூடினால் உங்கள் பதில் அந்த இணைப்பில் இருக்கிறது என்று பொருள், சண்டை போட ஒன்றுமில்லை. ‘தெளிவில்லை’ என்று மூடினால் திருத்துங்கள், திரும்பத் திறப்பார்கள். டவுன்வோட் வாங்கிய கேள்வியை வெட்கப்பட்டு அழித்துவிட்டு அதையே புதிதாகக் கேட்பது மிக மோசமான வழி. அழித்த கேள்விகளும் உங்கள் கணக்கில் எண்ணப்படும். இப்படிச் சில சேர்ந்தால் இனிக் கேள்வியே கேட்க முடியாதபடி தளம் தானாகவே தடுத்துவிடும். அதிலிருந்து வெளியே வர, பழைய கேள்விகளைத் திருத்தி மேம்படுத்துவதுதான் வழி.

பதில் வந்ததும் ஓட்டிப் பாருங்கள். சரியாக இருந்தால் டிக் போடுங்கள். உங்களுக்கும் 2 புள்ளி வரும், எழுதியவரின் உழைப்புக்கும் மரியாதை கிடைக்கும். டிக் போடாமல் போய்விடுகிறவர்கள்மேல் எனக்கு உண்மையாகவே வருத்தம் உண்டு.

நண்பர்களும் வாக்குகளும்

ஒரே விடுதியில், ஒரே அலுவலகத்தில் நான்கைந்து பேர் சேர்ந்து ஒருவருக்கொருவர் அப்வோட் போட்டுக்கொள்ளலாம் என்ற யோசனை யாருக்காவது வரத்தான் செய்யும். ஒருவர் இன்னொருவருக்கே வரிசையாக வாக்குப் போடுவதைத் தளத்தின் நிரல் தினமும் தேடிப் பிடித்துத் திருப்பி எடுத்துவிடும். முந்தின நாள் வந்த 60 புள்ளி மறுநாள் காலையில் இருக்காது. இரண்டு கணக்கு வைத்துத் தனக்குத் தானே போட்டுக்கொண்டால் கணக்கே போய்விடும். நண்பர் எழுதியதை எதேச்சையாகப் படித்து, பிடித்துப்போய் ஒரு வாக்குப் போடுவதில் தவறில்லை. அவர் பெயரைத் தேடிப் போய்ப் போடுவதுதான் தவறு.

பவுண்டி

75 புள்ளி வந்தால், பதில் வராத கேள்விக்குப் பரிசு அறிவிக்கலாம். குறைந்தது 50, அதிகம் 500, ஏழு நாள் கெடு. அறிவித்த நிமிடமே புள்ளி உங்களிடமிருந்து கழிந்துவிடும், பதில் வராவிட்டாலும் திரும்பாது. 80 வைத்திருக்கும்போது 50-ஐப் போட்டால் 30-க்கு இறங்குவீர்கள், அத்தனை பாடுபட்டுப் பெற்ற கமென்ட் உரிமையும் கூடவே போகும். 150 தாண்டும்வரை பொறுங்கள்.

பேட்ஜ்களும் பெரிய எண்களும்

புள்ளியைத் தவிர வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று பேட்ஜ்கள் உண்டு. தளத்தின் அறிமுகப் பக்கத்தை முழுவதும் படித்தாலே ‘இன்ஃபார்ம்டு’ கிடைத்துவிடும், முதல் நாளே வாங்கிவிடுங்கள். முதன்முதலில் அப்வோட் வாங்கும் பதிலுக்கு ‘டீச்சர்’. எனக்கு மிகப் பிடித்தது ‘நெக்ரோமான்சர்’: கேட்டு 60 நாளுக்கு மேல் ஆன, எல்லோரும் கைவிட்ட கேள்விக்குப் பதில் எழுதி 5 வாக்கு வாங்கினால் கிடைக்கும். கூட்டமில்லாத டேக்கில் வேலை செய்கிறவர்களுக்கு இது தானாகவே வந்து சேரும். ஒரு டேக்கில் 200 பதில்களும் 1,000 வாக்குகளும் சேர்த்தவருக்குத் தங்க பேட்ஜ். அந்த டேக்கில் ஒரு கேள்வியை ‘ஏற்கெனவே கேட்கப்பட்டது’ என்று அவர் ஒருவரே மூடலாம். மற்றவர்களுக்கு மூன்று பேர் வேண்டிய காரியம் அது.

2018-இல் ஜான் ஸ்கீட் பத்து லட்சம் புள்ளியைத் தொட்டார். அங்கே அந்த எண்ணை முதலில் தொட்டவர் அவர்தான், சி ஷார்ப் என்ற நிரல்மொழி பற்றிய கேள்விகளுக்கு ஆண்டுக்கணக்கில் பொறுமையாகப் பதில் எழுதியவர். வாக்குகள் மூலம் ஒரு நாளைக்கு 200 புள்ளிதான் சேர்க்க முடியும், டிக்கும் பவுண்டியும் மட்டும் அந்தக் கணக்கில் வராது. அந்த ‘நாள்’ உலகப் பொது நேரப்படி மாறுவதால் இந்தியாவிலும் இலங்கையிலும் அதிகாலை 5.30-க்குத்தான் புதுக் கணக்குத் தொடங்கும். நமக்கு இப்போது அது தேவைப்படாது. அவருடைய பதில்கள் நாலைந்தைப் படித்துப் பாருங்கள், எவ்வளவு எளிமையாகச் சொல்கிறார் என்பது மட்டும் தேவை.

வேலைக்கு விண்ணப்பிக்கும்போது எண்ணைப் பெரிதாக எழுதாதீர்கள் என்றும் சொல்வேன். நீங்கள் எழுதியவற்றில் சிறந்த இரண்டு பதில்களின் இணைப்பைக் கொடுங்கள். எடுத்துப் படிக்கிறவருக்கு நீங்கள் எப்படி யோசிக்கிறீர்கள் என்பது பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

51 வந்த அன்று

முதல் நாள் பார்த்த அந்தப் பிழையுள்ள பதில் ஞாபகம் இருக்கிறதா? அதற்குத் திரும்பிப் போங்கள். எந்தப் பதிப்பில் ஓட்டினீர்கள், எந்த வரியில் என்ன பிழை வந்தது என்று இரண்டு வாக்கியத்தில் கமென்ட் எழுதுங்கள். கமென்ட்டுக்கு வாக்கு விழுந்தாலும் புள்ளி கிடையாது. எழுதியவர் பதிலைத் திருத்திவிட்டால், வேலை முடிந்துபோன உங்கள் கமென்ட்டை நீங்களே அழித்துவிடலாம்.